இரவில் யார் போய்ப் பார்ப்பது?

முதியோர் இல்லங்களுக்குள் அதிகாரிகள் போய்ச் சோதனை செய்ய வேண்டும் என்று பேச்செடுத்தால், முதலில் முகம் சுளிப்பவர்கள் ஊரில் நல்ல பெயரெடுத்தவர்கள்தான். மகளின் பிறந்தநாளுக்கு இல்லத்தில் சாப்பாடு போடுகிறவர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், கோயில் கமிட்டிக்காரர். அவர்கள் சொல்வது இதுதான்: பெற்ற பிள்ளையே கைவிட்டவர்களை யாரோ ஒரு புண்ணியவான் எடுத்து வைத்துக் காப்பாற்றுகிறார். அவர் இடத்துக்குள் புகுந்து கக்கூஸ் கதவைத் திறந்து பார்த்தால் அவருக்கு அது அவமானம். சேவை செய்கிறவரைச் சந்தேகப்பட்டால் நாளைக்கு ஒருவரும் சேவைக்கு வரமாட்டார்கள். குடும்பத்தார் வந்து பார்க்கிறார்கள், நன்கொடை கொடுப்பவர்கள் வந்து போகிறார்கள், அது போதாதா? அதிகாரியை அனுப்பினால் கவரை வாங்கிக்கொண்டு போவார், அவ்வளவுதான்.

இந்தக் கருத்து பாதிக்கு மேல் நல்லெண்ணத்தால் ஆனது. அதனால்தான் நம்மிடம் இவ்வளவு ஆழமாக வேர்விட்டிருக்கிறது. நானும் ஒரு காலத்தில் இதையே சொல்லிக்கொண்டிருந்தவன்.

என் அம்மாவின் தங்கைக்குப் பிள்ளை இல்லை. சித்தப்பா காலமான பிறகு தனியாக இருந்தார். குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தபின் எழுந்து நடக்க முடியவில்லை. அக்கா, தம்பி, நான் மூவருமாகப் பணம் போட்டு, ஊருக்கு வெளியே பைபாஸ் ரோட்டை ஒட்டியிருந்த ஒரு இல்லத்தில் சேர்த்தோம். மாதம் இரண்டு ஞாயிறு, மாலை நாலு முதல் ஆறு வரை பார்வையாளர் நேரம். நான் தவறாமல் போவேன். சித்தி முன்கூடத்தில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். முகம் கழுவி, பவுடர் பூசி, தலை வாரி, சில நாள் ஒரு முழம் பூகூட வைத்திருப்பார்கள். "நல்லாத்தான் பாத்துக்கறாங்க. நீ அலையாதப்பா" என்பார். நான் நிம்மதியாகப் பஸ் ஏறுவேன். பதினொரு மாதம் இப்படிப் போயிற்று.

ஒரு வியாழக்கிழமை அந்தப் பக்கம் கல்யாண வரவேற்புக்குப் போயிருந்தேன். திரும்பும்போது சித்தியை எட்டிப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று தோன்றியது. வாட்ச்மேன் முதலில் விடவில்லை, பிறகு என் முகம் தெரிந்து விட்டார். இரண்டு மாடி, முப்பத்திரண்டு பேர், இரவுக்கு ஒரே ஒரு ஆயா. சித்தி படுத்திருந்தார். உதடு வெடித்து வெள்ளைப் பொருக்கு கட்டியிருந்தது. தண்ணீர் கேட்டார். மூடி போட்ட எவர்சில்வர் டம்ளர் ஜன்னல் திட்டில் இருந்தது. கட்டிலிலிருந்து நாலடி தூரம். நாலடி நடக்க முடியாததால்தானே அவரை அங்கே சேர்த்திருந்தோம்? ஆயாவிடம் கேட்டேன். அவர் மறைக்கவில்லை. "ஏழு மணிக்கு மேல தண்ணி குடுக்க வேணாம்னு சொல்லியிருக்காங்க சார். ராத்திரி நனைச்சுட்டா துணி மாத்த நான் ஒருத்திதான்" என்றார். போர்வையை விலக்கினேன். இடது குதிகாலில் ரூபாய் நாணயம் அளவுக்குக் கறுத்து, நடுவில் பிளந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தக் காலுக்கு மேல் எப்போதும் ஒரு சால்வை போர்த்தியிருக்கும். அதை நான் குளிருக்கு என்று நினைத்திருந்தேன்.

மேனேஜரைக் கூப்பிடப் போனேன். சித்தி என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஒண்ணும் கேக்காத. நீ கேட்டுட்டுப் போயிருவ. நான்தான் இங்க இருக்கணும்."

குடும்பம்தான் சிறந்த கண்காணிப்பு என்று சொல்பவர்களுக்கு என் பதில் அந்த ஒரு வாக்கியம். குடும்பம் விருந்தாளியாகத்தான் போகிறது, சொல்லிவிட்டுப் போகிறது, கூடத்தில் உட்கார்ந்து திரும்புகிறது. சண்டை போட்டால் விளைவை அனுபவிப்பது உள்ளே இருப்பவர். வேறு இடம் கிடைக்காது என்ற பயமும், கொண்டுவந்து விட்டோமே என்ற குற்றவுணர்வும் சேர்ந்து நம் கண்ணைக் கட்டிவிடுகின்றன. எல்லாம் நன்றாக இருக்கிறது என்று நம்புவதுதான் நமக்கு வேண்டியிருக்கிறது. நான் பதினொரு மாதம் அதை நம்பினேன். இது குடும்பமே இல்லாதவர்களைப் பற்றிய பேச்சும்கூட. அவர்களுக்கு மாதம் இரண்டு ஞாயிறும் கிடையாது.

அடுத்தது, நன்கொடை கொடுப்பவர்கள். தை அமாவாசை, புரட்டாசி சனிக்கிழமை, தாத்தா திதி, குழந்தையின் முதல் பிறந்தநாள். நம் ஊரில் இல்லத்துக்குப் போவது என்றால் பகல் பன்னிரண்டு மணிக்கு, பாத்திரத்தோடு போவது. வடை பாயசத்தோடு இலை போட்டு, கூடவே நின்று படம் எடுத்துக்கொண்டு ஒன்றரைக்குக் கிளம்பிவிடுகிறோம். ஒரே நாளில் மூன்று குடும்பம் வந்தால் மூன்று தடவை இனிப்பு. சர்க்கரை நோய் உள்ளவர் மறுக்க முடியாது, கொடுப்பவர் மனம் நோகும். மறுநாள் அவருக்கு என்ன ஆனது என்று யாரும் கேட்பதில்லை. இந்தக் கொடை மனத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. பல இல்லங்களில் அரிசி வாங்குவதே அந்தப் பணத்தில்தான். ஆனால் கொடுப்பவருக்குத் தெரிவது மதியச் சாப்பாடு மட்டும். அதை வைத்து இல்லத்துக்கு நற்சான்றிதழ் கொடுப்பது, கல்யாணப் பந்தியில் சாப்பிட்டுவிட்டு அந்த வீட்டு மருமகள் சுகமாக இருக்கிறாள் என்று சொல்வது போன்றது.

ஊர் பார்த்தால் போதும் என்ற வாதத்துக்கு ஏர்வாடியைவிடப் பெரிய மறுப்பு எனக்குத் தெரியவில்லை. 2001 ஆகஸ்ட் 6, அதிகாலை. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தர்காவைச் சுற்றித் தனியார் நடத்திவந்த மனநலக் காப்பகங்களில் ஒன்றில் கூரைக் கொட்டகை தீப்பற்றியது. உள்ளே இருந்தவர்களைச் சங்கிலியால் பிணைத்து வைத்திருந்தார்கள். தீயைப் பார்த்தும் அவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். அந்தச் சங்கிலி ரகசியம் கிடையாது. தர்காவுக்கு வந்துபோன எத்தனையோ ஆயிரம் பேர் அதைக் கண்ணால் கண்டவர்கள். குடும்பத்தார் கண்டார்கள், கடைக்காரர் கண்டார், பக்தர் கண்டார். பாவம் என்று சொல்லிக் காசு போட்டுவிட்டு நடந்தார்கள். ஊர் முழுக்கப் பார்த்தது, ஒருவரும் ஆய்வு செய்யவில்லை. பூட்டைக் கழற்றச் சொல்லும் அதிகாரம் பார்ப்பவர் கையில் இருந்தால்தான் அதற்கு ஆய்வு என்று பெயர்.

அப்போது சட்டம் இல்லாமலும் இல்லை. மனநலச் சட்டம் 1987இல் நிறைவேறி 1993இல் நடைமுறைக்கு வந்துவிட்டது. அப்படிப்பட்ட இடங்களுக்கு உரிமம் வேண்டும் என்று அது சொன்னது. ஆய்வு அதிகாரி எந்த நேரத்திலும் உள்ளே போகலாம், நோயாளியோடு தனியாகப் பேசலாம் என்றும் சொன்னது. எட்டு ஆண்டு அந்தப் பக்கங்கள் ஏர்வாடியை எட்டவில்லை. தீக்குப் பிறகு உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. காப்பகங்கள் மூடப்பட்டன. அவற்றில் இருந்த ஐந்நூறுக்கும் மேற்பட்டோரை அரசு தன் பொறுப்பில் எடுத்தது. சில நாட்களில் முடிந்த வேலை அது. எட்டு ஆண்டில் ஒரு நாளாவது செய்திருந்தால் 28 பேர் பிழைத்திருப்பார்கள்.

மூன்று ஆண்டு கழித்து, 2004 ஜூலை 16இல் கும்பகோணத்தில் பள்ளித் தீவிபத்து. அங்கும் கூரைதான். 94 குழந்தைகள். அதன் பிறகு பள்ளிகளின் கூரைக் கொட்டகைகள் போயின. 2012இல் தாம்பரம் அருகே பள்ளிப் பேருந்தின் தரையிலிருந்த ஓட்டை வழியே விழுந்து ஒரு சிறுமி இறந்தாள். தனி விதிகள் வந்தன. இன்றைக்கு ஒவ்வொரு மே மாதமும் பள்ளி வாகனங்களை மைதானத்தில் வரிசையாக நிறுத்தி, ஆர்டிஓ அதிகாரிகள் தரைப்பலகையைத் தட்டிப் பார்க்கிறார்கள், அவசரக் கதவைத் திறந்து மூடிப் பார்க்கிறார்கள். எங்கள் பள்ளியைச் சந்தேகப்படுகிறீர்களா என்று எந்தத் தாளாளரும் கோபித்துக்கொண்டு பள்ளியை மூடவில்லை. கல்வியும் சேவைதான். குழந்தை விஷயத்தில் நமக்கு இந்தக் குழப்பம் இல்லை. முதியவர் என்று வந்தால்தான் சேவை என்ற சொல் குறுக்கே விழுகிறது.

சட்டத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம், குழந்தைகள் தங்கும் எந்த இல்லத்துக்கும் பதிவு கட்டாயம் என்கிறது. பதியாமல் நடத்தினால் சிறைத்தண்டனை வரை உண்டு. ஆய்வுக் குழு மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது போயே ஆக வேண்டும். குழுவில் மூன்று பேருக்குக் குறையக் கூடாது, அதில் ஒருவர் பெண், ஒருவர் மருத்துவ அலுவலர். ஒரு வாரத்துக்குள் அறிக்கை. இனி 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்துக்கு வாருங்கள். ஆதரவற்ற முதியோருக்காக, மாவட்டத்துக்கு ஒன்றிலிருந்து தொடங்கி, குறைந்தது 150 பேர் தங்கும்படி மாநில அரசு இல்லங்கள் அமைக்கலாம் என்கிறது. இல்லங்களின் தரத்துக்கான திட்டத்தை மாநில அரசு வகுக்கலாம் என்கிறது. எல்லாம் ‘லாம்’. இந்தக் குறையைத் தீர்க்க 2019 டிசம்பரில் மக்களவையில் ஒரு திருத்த மசோதா வந்தது. முதியோர் இல்லங்களுக்குப் பதிவையும் குறைந்தபட்சத் தரத்தையும் அது கொண்டுவந்திருக்கும். நிலைக்குழுவுக்குப் போனது, நிறைவேறாமலே 2024இல் அந்த மக்களவையோடு காலாவதியானது. 2011 கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டில் பத்துப் பேரில் ஒருவர் 60 வயதைக் கடந்தவர். இந்த மசோதாவுக்காக எங்கும் ஒரு போராட்டம் நடந்ததாக எனக்கு நினைவில்லை.

இடையில், 2023 பிப்ரவரியில் விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூர். அங்கிருந்த ஆசிரமத்தில் சேர்க்கப்பட்ட ஒரு முதியவரைக் காணவில்லை என்று உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போடப்பட்டது. அதன் பிறகுதான் அதிகாரிகள் உள்ளே போனார்கள். 140க்கும் மேற்பட்டோர் மீட்கப்பட்டார்கள். பாலியல் வன்கொடுமை வரை புகார்கள் எழுந்தன, வழக்கு சிபிசிஐடிக்கு மாறியது. முறையான அனுமதி இல்லாமலே அது பல ஆண்டுகள் நடந்திருக்கிறது. குற்றச்சாட்டுகளை நீதிமன்றம் தீர்மானிக்கட்டும். நான் கேட்பது வேறு. ஒரு மனிதர் காணாமல் போய், அவருக்காக வழக்குப் போட ஒருவர் இருந்ததால் அந்தக் கதவு திறந்தது. வழக்குப் போட ஆள் இல்லாதவர் இருக்கும் கதவை யார் திறப்பது?

இனி லஞ்ச வாதம். எதிர்த்தரப்பில் வலுவான வாதம் இதுதான். இதில் உண்மை இருக்கிறது. முன்கூட்டியே போன் செய்துவிட்டு வந்து, ஆபீஸ் ரூமில் காபி குடித்து, ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகும் ஆய்வு நமக்குப் பழகியதுதான். இந்த வியாதி நமக்கு மட்டும் வந்ததும் இல்லை. இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகருக்கு அருகே விண்டர்போர்ன் வியூ என்று ஒரு தனியார் மருத்துவமனை இருந்தது. அறிவுத்திறன் குறைபாடு உடையவர்களுக்கானது. பராமரிப்பைக் கண்காணிக்க அந்த நாட்டில் தனி ஆணையமே உண்டு. உள்ளே வேலை பார்த்த மூத்த செவிலியர் ஒருவர், நோயாளிகளை அடித்துத் துன்புறுத்துகிறார்கள் என்று அதற்குப் புகார் அனுப்பினார். ஆணையம் அசையவில்லை. 2011இல் பிபிசியின் பனோரமா நிருபர் ஊழியராகவே வேலைக்குச் சேர்ந்து, மறைத்து வைத்த கேமராவில் எல்லாவற்றையும் படம்பிடித்தார். 11 ஊழியர்கள் குற்றவாளிகள் ஆனார்கள், 6 பேர் சிறைக்குப் போனார்கள், அந்த இடம் மூடப்பட்டது. ஆணையம் இருந்தும் நடந்ததே, அப்படியென்றால் ஆய்வே வீண் என்று யாரும் அங்கே முடிவுகட்டவில்லை. காகிதத்தைப் பார்க்கும் ஆய்வு போதாது என்றுதான் புரிந்துகொண்டார்கள். சில ஆண்டுகளில், ஆணையம் கொடுத்த மதிப்பீட்டை இல்லம் தன் வாசலிலேயே காட்சிக்கு வைத்தாக வேண்டும் என்ற கட்டாயமும் வந்தது. ‘போதாது’ என்று எழுதினால் அதையும் மாட்டத்தான் வேண்டும்.

கவரை முறிக்கும் வழி அதுதான். ஒருவரை அனுப்பினால் விலை பேசலாம். மூன்று பேரை, அதில் ஒருவரை வெளி மாவட்டத்து அரசு செவிலியராக, சொல்லாமல் கொள்ளாமல் இரவு ஒன்பது மணிக்கு அனுப்பி, அவர்கள் கண்டதைத் தமிழில் எழுதி மறு வாரம் கேட்டில் ஒட்டச் சொன்னால் விலை பேசுவது கஷ்டம். அதிகாரி பொய் எழுதினால் உள்ளே போய்வரும் பால்காரருக்குக்கூடத் தெரிந்துவிடும்.

எதைப் பார்க்க வேண்டும் என்பதிலும் நம் அதிகாரிகளுக்குத் தெளிவு வேண்டும். சுவருக்கு எத்தனை நாளுக்கு முன் வெள்ளையடித்தார்கள் என்பதில் ஒன்றும் இல்லை. எடை மெஷின் இருக்கிறதா? மாதா மாதம் ஒவ்வொருவரின் எடையையும் குறிக்கிறார்களா? இல்லத்தில் பொய் சொல்லக் கடினமான ஏடு அதுதான், ஏனென்றால் ஆளை அங்கேயே மறுபடி மெஷினில் ஏற்றிப் பார்த்துவிடலாம். படுத்த படுக்கையாக இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்பிப் படுக்கவைக்க வேண்டும். திருப்பினார்களா என்று நோட்டைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டாம், குதிகாலும் வால் எலும்புப் பக்கமும் சொல்லிவிடும். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தால் வெளுக்க வேண்டும். வெளுக்காவிட்டால் புண் தொடங்கிவிட்டது என்று பொருள். தூக்க மாத்திரை யார் யாருக்குப் போகிறது, எந்த மருத்துவர் எழுதினார் என்று அட்டையை எண்ணிப் பார்க்க வேண்டும். கூடத்தில் எல்லோரும் சாயங்காலம் ஆறு மணிக்கே தூங்கி விழுந்தால் அதை அமைதி என்று எழுதிவிடக் கூடாது. கிரில் கேட்டுக்கு இரவில் பூட்டு உண்டா, சாவி யார் இடுப்பில் இருக்கிறது, அவரை எழுப்ப எத்தனை நிமிடம் ஆகும் என்று செய்துகாட்டச் சொல்ல வேண்டும். ஏர்வாடியில் இருந்த சங்கிலி இன்று பல இடங்களில் பூட்டாக மாறியிருக்கிறது. பிறகு, ஊழியர் யாரும் இல்லாத அறையில், இருப்பவர்களோடு ஒருவர் ஒருவராகப் பேச வேண்டும். அவரவர் கட்டிலில் படுத்தபடி கை நீட்டினால் தண்ணீர் எட்டுகிறதா என்று பார்க்க வேண்டும்.

அந்த ஆயாவை நான் குறை சொல்லவில்லை. முப்பத்திரண்டு பேரை ஒருத்தி இரவு முழுக்கத் திருப்பிப் படுக்கவைக்க முடியாது. இத்தனை பேருக்கு இரவில் இத்தனை பேர் என்று ஒரு கணக்கு விதியாக இருந்து, அதை யாராவது வந்து எண்ணியிருந்தால், அவர் தண்ணீர் டம்ளரைத் தள்ளி வைத்திருக்க மாட்டார். நல்ல ஆய்வு முதலில் காப்பாற்றுவது அப்படிப்பட்ட ஊழியரைத்தான். நேர்மையாக, கையில் இருந்த காசையெல்லாம் போட்டு இல்லம் நடத்துகிறவர்களும் நிறையப் பேர் உண்டு. கேட்டில் நல்ல அறிக்கை தொங்கினால் அவர்களுக்குக் கிடைக்கும் நன்கொடை கூடும். இன்றைக்கு அவர்களும் மோசமானவர்களும் வெளியே இருந்து பார்த்தால் ஒரே மாதிரிதான் தெரிகிறார்கள்.

கடைசியாக ஒரு கேள்வி எப்போதும் வரும். கெடுபிடி செய்து மூடவைத்துவிட்டால் இவர்கள் தெருவுக்குத்தானே போவார்கள்? தெருவைவிட இது மேல் இல்லையா? இதைச் சொல்பவர்கள் தங்கள் தாய்க்கு இடம் தேடும்போது தெருவோடு ஒப்பிட்டுத் தேடுவதில்லை. ஏர்வாடியில் ஐந்நூறு பேரையும் குண்டலப்புலியூரில் நூற்று நாற்பது பேரையும் அரசு எடுத்துக்கொண்டது, யாரும் தெருவில் விடச் சொல்லவில்லை. மூடுவது கடைசி நடவடிக்கை. அதற்கு முன் தவணை கொடுக்கலாம், செவிலியரை அனுப்பலாம், புதிதாக ஆள் சேர்ப்பதை நிறுத்தச் சொல்லலாம். மூட வேண்டியே வந்தால் போக இடம் வேண்டும். அந்த 150 பேர் இல்லத்தை ஒவ்வொரு மாவட்டத்திலும் அரசே கட்டி நடத்த வேண்டியது அதற்காகத்தான்.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. சிறார் நீதிச் சட்டத்தில் குழந்தைகளுக்காக எழுதியிருக்கும் ஆய்வுப் பத்தியை எடுத்து, ‘குழந்தை’ என்ற இடத்தில் ‘முதியவர்’ என்று போட்டு, ‘இரவிலும்’ என்று ஒரு சொல்லைச் சேர்த்து, மாநில அரசு விதியாகக் கொண்டுவரட்டும். 2007 சட்டமே அதற்கு இடம் தருகிறது.

சித்தியை அந்த வாரமே அக்கா வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டோம். புண் எலும்பு வரை போயிருந்தது. மூன்று மாதம் இருந்தார். எடை போட்டுப் பார்த்தபோது 31 கிலோ.

இதைப் படிக்கிறவர்களில் யாரேனும் தங்களவரை ஒரு இல்லத்தில் விட்டிருந்தால், அடுத்த முறை பார்வையாளர் நேரத்தில் போகாதீர்கள். இரவில் போங்கள். உள்ளே விடமாட்டேன் என்றால் அதையே முதல் புகாராக மாவட்டச் சமூக நல அலுவலருக்கு எழுதுங்கள். மூத்த குடிமக்களுக்கான உதவி எண் 14567. காலை 8 மணி முதல் இரவு 8 மணி வரை பேசலாம். நான் சித்தியின் அறைக்குள் போனபோது மணி ஒன்பது இருபது.